சமூகப் பணி முடித்து முதல் வேலை: எதற்குத் தயாராக வேண்டும்?

ஆதிரை:
அனைவருக்கும் வணக்கம். சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டேன். குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும்.

உதவி தேடி வருபவரோடு சமூகப் பணியாளர் எப்படிப் பழக வேண்டும் என்று பீஸ்டெக் வகுத்த ஏழு கோட்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஏற்றுக்கொள்ளுதல், தீர்ப்பிடாமை, சுயநிர்ணயம் (தன் முடிவைத் தானே எடுக்க அவருக்குள்ள உரிமை), இரகசியம் காத்தல் எல்லாம் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவைதான். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று, "உங்கள் குழந்தையைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவல் வந்திருக்கிறது" என்று சொல்லும்போது அந்தத் தாய் கதவைச் சாத்தப் பார்த்தால் என்ன செய்வது? படிக்கும்போது செய்த களப்பணியில் எது நடந்தாலும் பொறுப்பு, பயிற்சிக்குப் போன ஏஜென்சியின் மேற்பார்வையாளருடையது. இனி அறிக்கையின் கீழே இருக்கப்போவது என் கையெழுத்து.

இருக்கிற சில வாரங்களில் எதைப் படிக்கலாம், எதைப் பழகலாம்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கார்முகில்:
வாழ்த்துகள். நேரம் இருக்கும்போதே சட்டத்தைப் படிச்சுடுங்க. உங்க பிரிவு எந்தச் சட்டத்தின் கீழ இயங்குது, உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கு, என்ன இல்லை, எத்தனை மணி நேரத்துக்குள்ள யாருக்குத் தகவல் சொல்லணும்னு தெரிஞ்சிருக்கணும். மத்ததெல்லாம் வேலையில இறங்கினா தானா வரும்.

நெய்தல்:
சட்டம் படிக்கச் சொன்னதை ஏற்கிறேன். "தானா வரும்" என்பதை ஏற்கவில்லை. பல ஆண்டுகளாகப் புதியவர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். தானாக வருவதில் பாதி கெட்ட பழக்கம். யாரும் பார்க்காமல், யாரும் கேள்வி கேட்காமல் ஒருவர் ஒரே வேலையை இரண்டு வருடம் செய்தால் அவருக்கு வேகம் கூடும். முடிவெடுக்கும் திறமை கூடியிருக்கிறதா என்பதை யாராவது கூட உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஆதிரை, "நான் எதற்குத் தயாராக வேண்டும்" என்று கேட்கிறீர்கள். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: உங்களை வேலைக்கு எடுத்தவர்கள் உங்களுக்காக என்ன தயார் செய்து வைத்திருக்கிறார்கள்? முதல் வருடத்தில் ஒருவர் எப்படிப்பட்ட பணியாளராக உருவாகிறார் என்பதில் அவருடைய மதிப்பெண்ணைவிட இதற்குப் பங்கு அதிகம். என் அனுபவத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஓர் உதாரணம். இங்கிலாந்தில் 2012-ல் புதிய சமூகப் பணியாளர்களுக்கென்று மதிப்பீடும் ஆதரவும் சேர்ந்த முதலாண்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன்படி முதல் ஆறு வாரம் வாரம் ஒரு முறை மேற்பார்வைச் சந்திப்பு. ஆறு மாதம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது. அந்த ஆண்டு முழுக்க வேலைச் சுமையில் 10 சதவீதம் குறைப்பு; அந்த நேரம் கற்றுக்கொள்வதற்கு. சில கேஸ்களில் அவர் வேலை செய்வதை மூத்தவர் நேரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சேவை பெறுகிற குடும்பங்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும். எல்லா அலுவலகத்திலும் இது காகிதத்தில் உள்ளபடி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால், படித்து முடித்தவர் இன்னும் முழுப் பணியாளர் ஆகிவிடவில்லை, அவரை ஆக்குவது வேலை கொடுத்தவரின் கடமை என்று அது எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. உங்கள் அலுவலகத்தில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று சேரும் முன்பே விசாரியுங்கள்.

இளவேனில்:
நெய்தல் அக்கா சொல்றது கேட்க நல்லாருக்கு. நடப்பு வேற. நான் வேலைக்கு வந்து ரெண்டாவது வருஷம் ஓடுது. சேர்ந்த முதல் வாரத்திலேயே, வேலையை விட்டுப் போன ஒருத்தரோட ஃபைல் அத்தனையும் என் மேசைக்கு வந்துச்சு. அதுல பாதிக்குக் கடைசிப் பதிவு எப்பன்னுகூடத் தெரியல. சூப்பர்விஷன்னு மாசம் ஒரு தடவை கூப்பிடுவாங்க. எத்தனை விசிட் முடிஞ்சது, எத்தனை ரிப்போர்ட் பாக்கி, எந்த ஃபைலை மூடலாம், அவ்வளவுதான். "அந்தப் பையனைப் பத்தி நீ என்ன நினைக்கிற"ன்னு ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை.

ஆதிரையைப் பயமுறுத்த இதைச் சொல்லல. இப்படியும் இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா, முதல் மாசத்திலேயே "எனக்குத்தான் திறமை இல்ல"ன்னு முடிவு கட்டிக்க மாட்டாங்க. நான் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

செம்பருத்தி:
கல்லூரியில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். இளவேனில் சொன்ன சூப்பர்விஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமூகப் பணிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கடூஷின் மேற்பார்வைக்கு மூன்று வேலைகள் உண்டு என்று வகுத்தார்: நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு. இதை எல்லா மாணவர்களும் படிக்கிறார்கள். வேலைக்குப் போனால் முதலாவது மட்டும் மிஞ்சுகிறது. ஆள் குறையும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது மற்ற இரண்டும்தான். கணக்கு மேலிடத்துக்குப் போயாக வேண்டும். கற்பித்தலைப் பற்றி மேலிடம் கேட்பதில்லை.

கல்லூரிகள் மேலும் குறை உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்காவில் முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரம் களப்பணி என்று அங்கீகார விதியே இருக்கிறது. மணி நேரத்தை எண்ணுவது சுலபம். அந்த நேரத்தில் மாணவர் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. ஒரு முழு செமஸ்டரும் ஏஜென்சியில் பதிவேடு நகல் எடுத்துவிட்டுத் திரும்பிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு, செயல்முறைப் பதிவு எழுத வைப்பதைப் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது எனக்குள் என்ன ஓடியது, ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று ஓர் உரையாடலை வரிக்கு வரி எழுதும் பயிற்சி அது. எழுத நேரம் பிடிக்கும். திருத்துபவருக்கும் நேரம் பிடிக்கும். ஆனாலும் தன் பேச்சைத் தானே கேட்கப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆதிரை, உங்களுக்கு இருக்கும் இந்த வாரங்களில், களப்பணியில் உங்கள் மனதில் நின்றுபோன ஓர் உரையாடலை அப்படி எழுதிப் பாருங்கள். பத்து புத்தகம் படிப்பதைவிட அது உதவும்.

கார்முகில்:
நான் ஒரு குழுவை நடத்துறவன். அந்தப் பக்கத்தையும் சொல்லிடறேன். எட்டுப் பேர் செய்ய வேண்டிய வேலையை அஞ்சு பேர் செய்யறோம். புதுசா வர்றவங்களுக்கு 10 சதவீதம் குறைச்சுக் கொடுத்தா, அது மீதி நாலு பேர் தலையில ஏறும். அவங்களும் களைச்சுப் போனவங்கதான். வர்ற புகாரை "எங்க புதுப் பொண்ணு இன்னும் கத்துக்கிட்டு இருக்கு, அடுத்த மாசம் வாங்க"ன்னு திருப்பி அனுப்ப முடியுமா? ஆபத்துல இருக்கிற குழந்தை காத்திருக்காது. அதனாலதான் முதல் நாள்லயே வேலை செய்யற ஆள் வேணும்னு கேட்கறோம். மனசில்லாம இல்ல.

நெய்தல்:
கார்முகில், உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. நானும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஆபத்தில் இருக்கிற குழந்தைக்காகத்தான் நான் இதை வற்புறுத்துகிறேன்.

லண்டனில் 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி இறந்துபோனாள். அவளை வளர்ப்பதாக அழைத்துவந்த உறவுக்காரப் பெண்ணும் அந்தப் பெண்ணின் துணைவரும் மாதக்கணக்கில் செய்த சித்திரவதையே காரணம். யார் கண்ணிலும் படாமல் நடந்ததல்ல அது. சமூக சேவைத் துறைகள், மருத்துவமனைகள், காவல்துறை என்று பல இடங்களுக்கு அவளைப் பற்றித் தகவல் போயிருந்தது. லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணை அறிக்கை 2003-ல் வந்தது. கேஸைக் கையில் வைத்திருந்த சமூகப் பணியாளர் அனுபவம் குறைந்தவர், சுமை அதிகம், சரியான மேற்பார்வை இல்லை என்பதெல்லாம் அதில் வெளிவந்தது. ஒரு மேலாளர் அந்த ஃபைலைப் படித்து, வழக்கமான நடைமுறை பின்பற்றப்பட்டதா என்று நேரடியாக ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட நடந்தது மாறியிருக்கலாம் என்ற பொருள்பட லேமிங் எழுதினார்.

அந்த வழக்கில் இன்னொரு விஷயம் என்னை விடவே இல்லை. ஒரு கட்டத்தில் மருத்துவர் அந்தக் காயங்களைச் சொறிநோய் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த தகவல்களை எல்லாரும் அந்த முடிவின் வழியாகவே பார்த்தார்கள். தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில் அந்த வீட்டுக்குப் போகவிருந்த ஒரு விசிட்டே ரத்தானது. பயப்படுவது இயல்பு. ஆனால் "எனக்கு அந்த வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது" என்று ஒரு பணியாளர் மேலாளரிடம் சொல்ல இடம் இருக்க வேண்டும். சொன்னால், சொறிநோய் எப்படித் தொற்றும் என்று மருத்துவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, கூட ஒருவரை அனுப்பலாம். இடம் இல்லாவிட்டால் அந்தப் பயம் "விசிட் ஒத்திவைக்கப்பட்டது" என்ற ஒரு வரியாக ஃபைலுக்குள் போய்விடும். அந்த வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று படிப்பவருக்குத் தெரியாது.

உங்கள் ஐந்து பேரில் ஒருவரைப் பாதியில் இழந்தால் அந்த ஃபைல்கள் அத்தனையும் இன்னொரு புதியவர் மேசைக்குப் போகும். இளவேனிலுக்கு நடந்தது அதுதான். அந்த 10 சதவீதத்தைக் கொடுக்காமல் விட்டால் வேலை மிச்சமாவதில்லை.

கார்முகில்:
கடைசிப் பத்தி உண்மைதான். போன வருஷம் ரெண்டு பேர் போனாங்க. யோசிக்கிறேன்.

ஆதிரை:
இவ்வளவு விரிவாகப் பேசியதற்கு எல்லோருக்கும் நன்றி. செம்பருத்தி மேடம், நீங்கள் சொன்னபடி ஓர் உரையாடலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். எழுதும்போது தெரிகிறது, அந்த அம்மா மௌனமாக இருந்த ஒவ்வொரு முறையும் நானே முந்திக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

வீட்டு விசிட், பதிவு எழுதுவது, இந்த இரண்டைப் பற்றியும் யாராவது நடைமுறையாகச் சொல்ல முடியுமா?

வழித்துணை:
இழையை முதலிலிருந்து படித்தேன். களத்தில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

போகும் முன்: ஃபைலை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பியதும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். இது பயந்தவர்களுக்கான விதி இல்லை. மூத்தவர்களும் செய்ய வேண்டியது.

வாசலில்: நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பதை மூன்று நேரான வாக்கியங்களில் சொல்லப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். புதியவர்கள் எதிராளியின் கோபத்துக்குப் பயந்து இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் சும்மா வரவில்லை என்பது பத்து நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். அவர் கோபப்பட்டால் படட்டும். ஒருவர் வந்து உன் பிள்ளையை நீ சரியாகப் பார்க்கிறாயா என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? "உங்களுக்குக் கோபம் வருவது புரிகிறது. இருந்தாலும் இன்றைக்கு நான் குழந்தையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். கதவை முழுசாகச் சாத்திவிட்டால் தள்ளிக்கொண்டு நுழையாதீர்கள். வாசலிலிருந்தே மேலாளருக்குப் போன் செய்யுங்கள். அடுத்து என்ன செய்ய உங்களுக்கு அதிகாரம் உண்டு என்பது சட்டத்தில் இருக்கும். கார்முகில் சொன்ன படிப்பு அங்கேதான் உதவும்.

உள்ளே: குழந்தையைப் பாருங்கள். எளிதாகத் தோன்றும் இதுதான் அதிகம் தவறிப்போகிறது. பெரியவர்களின் சண்டை, கண்ணீர், வாடகைப் பிரச்சினை, குடிப்பழக்கம் என்று ஒரு மணி நேரம் அவர்களோடே போய்விடும். திரும்பி வந்து யோசித்தால் குழந்தையோடு ஒரு வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டீர்கள். அது எங்கே தூங்குகிறது, பெற்றவர் அறைக்குள் வரும்போது அதன் உடம்பு எப்படி மாறுகிறது, விளையாடுகிறதா, யார் மடியைத் தேடிப் போகிறது என்று கவனியுங்கள். பேசத் தெரிந்த குழந்தையோடு தனியாகப் பேசுங்கள். வீட்டு மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் ஒருவரை, முக்கியமாகக் குழந்தையையே, மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் "சரிங்க, செஞ்சிடறேன்" என்று சிரித்தபடி தலையாட்டும் வீடுகளும் உண்டு. கத்துகிற வீட்டைவிட அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். போன தடவை சொன்னது நடந்ததா என்பதைக் கண்ணால் பாருங்கள். மருத்துவரிடம் கூட்டிப்போனோம் என்றால் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பதை அவமரியாதை என்று நினைத்துப் பல நல்ல மனசுக்காரர்கள் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தெரியாததைக் கேட்டால் "தெரியவில்லை, விசாரித்து வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு வியாழக்கிழமை போன் செய்யுங்கள், பதில் கிடைக்காவிட்டாலும். அந்தக் குடும்பங்களில் பலருக்கு அரசு அலுவலகத்திலிருந்து சொன்ன நாளில் யாரும் திரும்பப் பேசியதில்லை.

பதிவுக்கு வருகிறேன். அன்றைக்கே எழுதுங்கள். பார்த்ததையும் கேட்டதையும் ஓர் இடத்தில், அதிலிருந்து நீங்கள் நினைப்பதை வேறோர் இடத்தில். "வீடு அசுத்தமாக இருந்தது" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "சமையலறைத் தரையில் உடைந்த கண்ணாடித் துண்டுகள் கிடந்தன, ஒரு வயதுக் குழந்தை அதன் அருகில் தவழ்ந்துகொண்டிருந்தது" என்று எழுதினால் நீதிமன்றத்திலும் நிற்கும். "தாய் ஒத்துழைக்கவில்லை" என்பதும் அப்படித்தான். அவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று எழுதுங்கள். முடிந்தால் அவர் வார்த்தையிலேயே. அந்தத் தாய் என்றைக்காவது இந்த ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். குழந்தை வளர்ந்து பெரியவனாகித் தன் சிறுவயதில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அதைத் திறக்கலாம். அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி நீங்கள் எழுதியதாகவே இருக்கும். அந்த நினைப்போடு எழுதினால் நடை தானே திருந்தும்.

செம்பருத்தி:
வழித்துணை ஐயா எழுதியதை என் மாணவர்களுக்கு வாசித்துக்காட்டப் போகிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆதிரை சொன்ன அந்த ஏழு கோட்பாடுகளும் வகுப்பறையில் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. களத்தில் போடும். சுயநிர்ணயத்துக்கும் குழந்தையின் பாதுகாப்புக்கும் இடையில் நிற்பீர்கள். "யாரிடமும் சொல்லாதீங்க" என்று ஒரு சிறுமி கேட்பாள், உங்களால் அந்த வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே அவள் பேசத் தொடங்கும் முன்பே இரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா, உதவி செய்யறவங்ககிட்ட நான் சொல்லணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்டயும் சொல்லுவேன்." எல்லாவற்றையும் சொல்லவிட்டுப் பிறகு எல்லையைச் சொன்னால் அது அவளுக்கு இன்னொரு துரோகம்.

இளவேனில்:
வேலையோட பாரத்தை மனசுல வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறதைப் பத்தி யாரும் பேசல. ராத்திரி படுத்தா அந்த முகம் வருது. நாம சாப்பிட உட்கார்ந்தா அந்தக் குழந்தை சாப்பிட்டிருக்குமான்னு தோணுது. கொஞ்ச நாள்ல ஒண்ணுமே தோணாம மரத்துப் போகுது, அது இன்னும் மோசம். "தொழில்முறையா இரு"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? அழக்கூடாதுன்னா?

நெய்தல்:
இல்லை, இளவேனில். உங்களுக்குத் தோன்றுவதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அந்த வீட்டைப் பற்றி அது ஏதோ சொல்கிறது. ஒரு வீட்டை விட்டு வெளியே வரும்போது காரணமில்லாமல் மூச்சு முட்டினால், அதே காற்றில் அந்தக் குழந்தை தினமும் இருக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஒரு தகப்பனோடு பேசும்போது மட்டும் நீங்கள் வழக்கத்தைவிடப் பணிந்து பேசினால், வீட்டில் மற்றவர்களும் அப்படித்தான் இருக்கிறார்களா என்று கேட்கத் தோன்ற வேண்டும். ஆனால் அது உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து கிளம்பியதாகவும் இருக்கலாம். எது எங்கிருந்து வருகிறது என்று தனியாக உட்கார்ந்து பிரித்தறிய முடியாது. அதற்குத்தான் மேற்பார்வையாளர். அதையும் ஃபைலையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

மரத்துப் போவதை அலட்சியப்படுத்தாதீர்கள். தூக்கம் கெடுவது, குறிப்பிட்ட வீட்டுக்கு விசிட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பது, எல்லாப் பெற்றோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கத் தொடங்குவது, இவை வந்தால் உடனே ஒருவரிடம் பேசுங்கள். மேற்பார்வையாளர் காது கொடுக்காவிட்டால் நம்பகமான மூத்தவர் ஒருவரை வெளியே தேடிக்கொள்ளுங்கள். குடும்பத்தின் பெயர், அடையாளம் எதையும் வெளியிடாமல் பேசலாம். ஒரே நேரத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்று நான்கு பேர் மாதம் ஒரு முறை கூடிப் பேசுவதும் பெரிய உதவி. நீங்களும் ஆதிரையும் இங்கிருந்தே தொடங்கலாமே.

இளவேனில்:
நான் தயார். ஆதிரை, தனிச்செய்தி அனுப்பறேன்.

ஆதிரை:
கட்டாயம் அக்கா. நெய்தல் மேடம், கடைசியாக ஒன்று. சேருவதற்கு முன் மேலாளரை ஒரு முறை சந்திக்க அழைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவள் இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா? எப்படிக் கேட்பது?

நெய்தல்:
தாராளமாகக் கேளுங்கள். நான் மேலாளராக இருந்து கேட்கப்பட்டால், இவர் வேலையைப் புரிந்துகொண்டு வருகிறார் என்றுதான் நினைப்பேன்.

"முதல் மூன்று மாதம் எத்தனை கேஸ் தருவீர்கள், எந்த மாதிரி கேஸ்?" என்று கேளுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. சிக்கலான ஒன்று எளிதான ஐந்துக்குச் சமம். "முதல் சில விசிட்டுகளுக்கு மூத்தவர் ஒருவருடன் போகலாமா, பிறகு அவர் என்னுடன் வந்து நான் செய்வதைப் பார்ப்பாரா?" என்று கேளுங்கள். இரண்டும் வேண்டும். "மேற்பார்வை எந்தக் கிழமை, எவ்வளவு நேரம்?" என்று கேட்டு, முடிந்தால் அங்கேயே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். "தேவைப்படும்போது வா" என்று சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் அவர் எப்போதும் அவசரத்தில் இருப்பார், நீங்கள் கதவு வரை போய்த் திரும்புவீர்கள். நாள் குறித்தால் நடக்கும். "அலுவலக நேரத்துக்குப் பிறகு ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது?" இதற்கு ஒரு பெயரும் எண்ணும் கிடைக்காமல் எழுந்திருக்காதீர்கள்.

அவர்கள் எல்லாவற்றுக்கும் ஆம் சொல்ல மாட்டார்கள். எதற்கு இல்லை என்கிறார்களோ அதை வேறு எங்கே பெறுவது என்று முன்கூட்டியே யோசிக்கலாம். பேசி முடித்ததும் ஒத்துக்கொண்டதை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

சந்திப்பு முடிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள். இல்லை என்று சொன்ன விஷயங்களுக்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.

கார்முகில்:
ஆதிரை, அந்த மேலாளர் என்னை மாதிரி ஆளா இருந்தா, கேஸ் எண்ணிக்கையில கொஞ்சம் முறைப்பார். விடாதீங்க, கேளுங்க. எங்க குழுவுக்கும் அடுத்த மாசம் ஒரு புதுப் பையன் வர்றான். செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணி நேரம் அவனுக்குன்னு இப்பவே குறிச்சு வச்சிருக்கேன்.